பதினைந்து துளி குளோரின்

மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாராவது படித்திருக்கிறார்கள் என்றால் அது மருந்தம்மா ஒருத்திதான். ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறாள். மருந்தம்மா என்பது அங்கே வருகிறவர்கள் வைத்த பெயர். எதைக் கொடுத்தாலும் கடைசியில் ஒரு வாக்கியம் சொல்லாமல் ஆளை விடமாட்டாள்: "ஒத்துக்கலைன்னா உடனே வந்து சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் புருஷன் வைத்துக்கொள்ளவில்லை.

புருஷன் பஸ் டிரைவர். நிறுத்தி வைத்திருந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி, வலது முட்டி உடைந்துபோயிற்று. "இருபத்தெட்டு வருஷம் ஓட்டினேன், ஒரு கீறல் கிடையாது. நின்னுக்கிட்டிருந்த பஸ்ஸு என் காலை வாரிடுச்சு" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கம்பி வைத்துத் தைத்து எட்டு மாதம் ஆகியும் முட்டி அறுபது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. முட்டிக்கு உடற்பயிற்சி கொடுக்கிற பயிற்சி டாக்டர் பிளாஸ்டிக் கோணமானியை முட்டியில் வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணியில நடங்க. தினமும் அரை மணி நேரம். தண்ணி உடம்பைத் தாங்கிக்கும், முட்டி பயமில்லாம மடங்கும். ஆறு வாரம் பார்ப்போம். தொண்ணூறுகிட்ட வரலைன்னா மறுபடி திறந்துதான் ஆகணும்" என்றார்.

திறப்பதென்றால் இன்னொரு ஆபரேஷன். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை டிரைவர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

தண்ணீருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. படி ஏற வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்புறம் சின்னதாக ஒரு நீச்சல் குளம் இருந்தது. நாலடி ஆழம், பதினாறு தப்படி நீளம். வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கொடுக்கும்போது, "வேணும்னா உபயோகப்படுத்திக்குங்க, வேணாம்னா மூடியே வெச்சிடுங்க" என்று ஏதோ பழைய சோபாவைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நீல மூடியை உருட்டிப் பார்த்தபோது தண்ணீர் பாசிப் பச்சையாகக் கிடந்தது.

டிரைவரின் தம்பி வந்து இறங்கினார். மருந்தம்மாவின் இந்தக் கொழுந்தனுக்குக் குடும்பத்தில் வழங்குகிற பெயர் 'போட்டுமற'. எதைக் கேட்டாலும் போட்டோமா மறந்தோமா என்று இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்வெர்ட்டர் பேட்டரியைப் போட்டு மறந்தார், வங்கி லாக்கரில் சாவியைப் போட்டு மறந்தார். ஆனால் வேலைக்கு அஞ்சாதவர். இரண்டு நாள் வலை வீசிச் சருகு எடுத்து, சுவரைத் தேய்த்து, மோட்டாரைச் சீராக்கி, தண்ணீரைத் தரை தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"இனிமே மருந்து போட வேண்டியதுதான் அண்ணி" என்றார்.

"என்ன மருந்து?"

"குளோரின்தான்."

"எந்தக் குளோரின்?"

போட்டுமற தலையைச் சொறிந்தார். குளோரினில் எந்தக் குளோரின் என்று ஒரு கேள்வி இருக்கும் என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. மருந்தம்மாவுக்குத் தெரியும். எந்த மருந்துக்கும் மூன்று உருவமாவது உண்டு.

நீச்சல் குளச் சாமான் விற்கிற கடை ஒரு டயர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே முப்பது வயதுக்குள் ஒரு பெண், மேஜைமேல் கண்ணாடிக் குழாய்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் ஒரு தட்டு முழுக்க வெள்ளை வாளிகள், ஒரு தட்டு முழுக்க டப்பாக்கள், கீழே நிழலில் நீலக் கேன்கள்.

"எந்தக் குளோரின் நல்லது?" என்று கேட்டாள் மருந்தம்மா.

கடைக்காரப் பெண் அவள் சட்டையில் குத்தியிருந்த ஆஸ்பத்திரிப் பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். "உங்க கவுன்ட்டர்ல வந்து எந்த மாத்திரை நல்லதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க அக்கா?"

மருந்தம்மாவுக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. "யாருக்கு, என்ன கோளாறுன்னு கேப்பேன்."

"அதேதான். இது மாத்திரை. மிதவைக்குள்ள போட்டு விட்டா மெதுவாக் கரையும், ஒரு வாரம் பார்க்க வேண்டாம். கூடவே வெயிலுக்கு ஒரு காப்பும் இதுல கலந்திருக்கும். குளோரினை வெயில் தின்னுடாம அது காப்பாத்தும். இது பொடி. வாளித் தண்ணியில கரைச்சு ஊத்தணும், வேகமா வேலை செய்யும், ஆனா சுண்ணாம்புச் சத்து சேரும். அது திரவம். தினமும் அளந்து ஊத்தணும். வெச்சிருந்தா வீரியம் போயிடும், அதனால அப்பப்ப புதுசா வாங்கணும்."

"ரெண்டு சேர்த்துப் போட்டா?" என்றார் போட்டுமற உற்சாகமாக.

கடைக்காரப் பெண்ணின் முகம் மாறியது. "அதை மட்டும் செஞ்சிடாதீங்க சார். மாத்திரை அள்ளின கரண்டியால பொடியை அள்ளக்கூடக் கூடாது. தீப்பிடிச்சிடும். எல்லாத்தையும் மருந்து மருந்துன்னே சொல்றோம்ல, அதுல வர்ற வினை இது. வெடிமருந்தும் மருந்துதான்."

பிறகு அவள், "குளத்துத் தண்ணி கொஞ்சம் கொண்டு வந்திருக்கீங்களா? பார்த்துட்டு எதுன்னு சொல்றேன்" என்றாள்.

"தண்ணி எங்கயும் ஓடிடாது, வீட்டுலயே இருக்கு. நீங்க மாத்திரை கொடுங்க" என்று சிரித்தார் போட்டுமற. போட்டு மறக்கத் தோதான பொருள் கண்ணெதிரே இருக்கும்போது அவர் வேறெதையும் பார்ப்பாரா?

மருந்தம்மாவும் அதற்குத் தலையாட்டிவிட்டாள். ரத்தம் பார்க்காமல் மருந்து எழுதுகிற டாக்டர்களை இருபத்தாறு வருஷமாகத் திட்டித் தீர்த்தவள், தன் வீட்டுக் குளத்துக்கு அதையேதான் செய்தாள். ஆனால் ஒரு சோதனைப் பெட்டி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாலு சின்னப் புட்டி, ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு தாள். தாளை வண்டியிலேயே படித்து முடித்துவிட்டாள்.

அந்தப் பெட்டி அவளை மயக்கிவிட்டது. குழாயில் குளத்துத் தண்ணீரைக் கோடு வரை பிடித்து ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டால் ரோஜா நிறமாகிறது. பிறகு ஒரு புட்டியிலிருந்து துளித் துளியாக விட்டு ஆட்ட வேண்டும். எத்தனையாவது துளியில் நிறம் பளிச்சென்று மறைகிறதோ, அத்தனை குளோரின் வேலைக்குத் தயாராக இருக்கிறது என்று கணக்கு. பதினைந்து துளி வந்தால் நல்ல தண்ணீர். அதற்கப்புறம் மூன்றாவது புட்டியிலிருந்து ஐந்து துளி விட்டுப் பார்க்க வேண்டும். நிறம் திரும்பி வராவிட்டால் எல்லாம் சுகம். வந்தால் என்ன என்று தாளில் ஒரு வரிதான் போட்டிருந்தது, அதுவும் அரைகுறையாக.

முதல் நாள் டிரைவர் கைத்தடியைப் படியருகே சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். மார்பளவுத் தண்ணீரில் ஒரு அடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார். அந்தக் கோடி வரை போய்த் திரும்பி நின்று, "கண்டக்டர், ரைட்டு போலாமா?" என்று குரல் கொடுத்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் தடியில்லாமல் நடந்தார். கரையில் நின்ற மருந்தம்மா சத்தமாகச் சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மறுநாளிலிருந்து அவள் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். டிரைவர் மூன்று மணிக்குத் தானே மூடியை உருட்டிவிட்டு நடப்பார், முடிந்ததும் மூடிவிடுவார். அவள் ஐந்தரைக்கு வந்ததும் வராததுமாகச் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவாள். படியோரம் மூடியின் ஒரு மூலையை மடக்கித் தண்ணீர் எடுத்து, துளி எண்ணி, நோட்டில் எழுதுவாள். "புருஷனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி குளத்தைப் பார்க்கிறே" என்று டிரைவர் கிண்டல் செய்வார். "நீங்க ஓரிடத்துல இருக்கிற ஆளு. அது தினமும் மாறுது" என்பாள் அவள்.

ஐந்தாம் நாள் வாடை அடித்தது. நீச்சல் குளம் என்றாலே மூக்கில் ஏறுமே, அந்தக் காரமான வாடை. சமையலறை ஜன்னல் வரை வந்தது.

"கண்ணு எரியுதாங்க?"

"சே, சே. லேசா வாடை. வேற ஒண்ணுமில்லை" என்றார் டிரைவர்.

வாடை அடித்தால் மருந்து அதிகம் என்று அர்த்தம், பக்கவிளைவு வந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மருந்தம்மாவின் கை தானாகவே அந்த வேலையைச் செய்தது. மிதவையிலிருந்த இரண்டு மாத்திரையில் ஒன்றை எடுத்தாள். வாடை கூடியது. இன்னொன்றையும் எடுத்தாள். வாடை இன்னும் கூடியது. அளவைக் குறைக்கக் குறைக்க ஏறுகிற பக்கவிளைவை அவள் எந்தத் தாளிலும் படித்ததில்லை. அவளுக்குத் தூக்கம் போயிற்று. பயத்தால் அல்ல, ஆர்வத்தால். வேலை நேரத்தில் இருமல் மருந்து எடுக்கப் போய்க் கண் மருந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அன்று மாலை துளி எண்ணினாள். மூன்றாவது துளியிலேயே ரோஜா நிறம் போய்விட்டது. குளத்தில் குளோரினே இல்லை! பிறகு மூன்றாவது புட்டியைச் சாய்த்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து. குழாய் மறுபடி சிவந்தது. முதலில் இருந்ததைவிட அழுத்தமாக, செம்பருத்திச் சிவப்பாக.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்!" என்று கூவினாள்.

டிரைவர் தடியை ஊன்றி வந்து பார்த்தார். "நல்லாயிருக்கு. குடிக்கலாமா?" என்றார்.

மறுநாள் காலி இருமல் மருந்துப் புட்டியில் குளத்துத் தண்ணீரை அடைத்து எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு ஓடினாள். கடைக்காரப் பெண் தண்ணீரை நாலைந்து விதமாகக் கலக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாடை அடிக்குதுன்னு மருந்தைக் குறைச்சீங்களா?"

"குறைச்சேன்."

"எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. அக்கா, நல்ல குளோரினுக்கு வாடையே கிடையாது. வேர்வை, தைலம், அழுக்கு இதோடயெல்லாம் மல்லுக்கட்டி ஓய்ஞ்சுபோன குளோரின் இருக்கு பாருங்க, அதுதான் நாறும். கண்ணை எரிக்கிறதும் அதுதான். திரும்பிச் சிவந்ததுன்னு சொன்னீங்களே, அது பூரா அந்த ஓய்ஞ்ச கூட்டம். அதை விரட்டப் புதுசு வேணும். நீங்க இருந்த கொஞ்சத்தையும் எடுத்துட்டீங்க."

மருந்தம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். டிரைவர் தண்ணீரில் இறங்குமுன் முட்டியில் வலித் தைலத்தைத் தாராளமாக அரக்கித் தேய்ப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"இன்னொண்ணு. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க வருஷக்கணக்கா மாத்திரைதான் போட்டிருக்கணும். அந்த வெயில் காப்பு கரைஞ்சு போகாது, தங்கித் தங்கிச் சேரும். அளவுக்கு மேல சேர்ந்தா அது குளோரினை வேலை செய்ய விடாது. ரொம்பப் பாசமா ஒருத்தரைப் பொத்திப் பொத்தி வெச்சா அவரால எழுந்து நடக்க முடியுமா? அப்படித்தான். பாதித் தண்ணியை இறக்கிட்டுப் புதுசு நிரப்புங்க. உங்க வீட்டுக் கெட்டில்ல வெள்ளையா படியுதா?"

"கெட்டியாப் படியுது."

"அப்போ சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கு, பொடி வேண்டாம். உங்க குளத்துக்குத் திரவம்தான். தினமும் அளந்து ஊத்தணும், பொறுமை இருக்கா?"

இருபத்தாறு வருஷம் அளந்து கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

போட்டுமறவைக் கூப்பிட்டுப் பாதித் தண்ணீரை இறக்கி, புதுத் தண்ணீர் விட்டார்கள். மிச்ச மாத்திரைகளைக் கடைக்கே திருப்பினாள். கொழுந்தனின் கைக்கு எட்டுகிற இடத்தில் இரண்டு மருந்து இருந்தால் அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். நீலக் கேனை நிழலில் வைத்து, வாங்கிய தேதியை ஒரு தாள் துண்டில் எழுதி ஒட்டினாள். தினமும் சாயங்காலம் துளி எண்ணி, குறைந்ததை மட்டும் அளந்து ஊற்றினாள். முதல் வாரமே தெறித்து, அவளுடைய நீலச் சட்டையில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. ஆஸ்பத்திரியில் ஒருத்தி, "புது டிசைனா?" என்று கேட்டாள். "ஆமா, சொந்தத் தயாரிப்பு" என்றாள் மருந்தம்மா பெருமையாக.

வாடை அடியோடு போய்விட்டது. எண்களோ தங்கம்தான்! முந்தின நாள் மாலை பதினைந்து துளி என்றால் மறுநாள் மாலையும் பதினைந்து. தப்பினால் பதினாலு. மூன்றாவது புட்டியை எத்தனை தடவை சாய்த்தாலும் நிறம் திரும்பவே இல்லை. வெளியே கொடியில் டிரைவரின் அரைக்கால் சட்டையும் துண்டும் ஈரமாகத் தொங்கும். "இன்னிக்கு எத்தனை நடை?" என்று கேட்பாள். "முப்பது" என்பார், "முப்பத்திரண்டு" என்பார். முட்டி எப்படி என்று கேட்டால் மட்டும் பிடி கொடுக்காமல் பேசுவார்.

மூன்றாவது வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை மதியம், பழைய கேனின் வீரியம் போயிருக்கும் என்று புதுக் கேன் வாங்கப் போனவள் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். வேறு எதற்கு, பீற்றிக்கொள்ளத்தான். கடைக்காரப் பெண் பக்கத்தைப் புரட்டினாள். இன்னொரு தடவை புரட்டினாள்.

"எப்படி?" என்றாள் மருந்தம்மா.

"அழகா இருக்கு. இதுல யாரும் இறங்குறது இல்லையா?"

"என் வீட்டுக்காரர் தினமும் அரை மணி நேரம் நடக்கிறார்."

"இந்தக் குளத்துலயா?" கடைக்காரப் பெண் பேனாவை எண்களின் மேல் ஓட்டினாள். "அக்கா, ஒரு ஆள் இறங்கினா நாலஞ்சு துளியாவது போகும். உடம்புல ஒட்டியிருக்கிறதைத் தின்னத்தானே குளோரின் இருக்கு? அட, அரை மணி நேரம் மூடியைத் திறந்து வெச்சாலே வெயில் ஒரு துளி ரெண்டு துளி பிடுங்கிக்கும். இது திறக்கவே திறக்காத குளத்துக் கணக்கு. ஒருவேளை சோதனைப் புட்டி காலாவதி ஆயிருக்கும், பாருங்க."

புட்டி காலாவதி ஆகவில்லை. அதை முதலில் பார்த்துத்தான் வாங்கியிருந்தாள். அப்படியென்றால் துளி எண்ணுவதில் தப்பு. ஒருவேளை நடந்த கையோடு எடுத்தால்தான் குறைவது தெரியுமோ, இரண்டு மணி நேரத்தில் ஏதாவது சரியாகிவிடுகிறதோ? மருந்தம்மாவின் மூளை தண்ணீருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அவளுக்குச் சந்தேகம் வந்ததெல்லாம் தன்மேல்தான், புருஷன்மேல் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மூன்றரை மணிக்குச் சரியாகத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பினாள்.

பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குளத்தின் நீல மூடி இழுத்துப் போர்த்தியது போர்த்தியபடி கிடந்தது. நடுவில் காய்ந்த சருகுகள் மெத்தைபோலச் சேர்ந்திருந்தன. ஒரு மூலையை மட்டும் மடக்கிப் பழகியவள் தண்ணீர் மாற்றிய நாளுக்கப்புறம் நடுவைப் பார்த்ததில்லை. கொடியின் கீழே டிரைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு வாளி. அரைக்கால் சட்டையை அதில் முக்கி, பிழிந்து, உதறி, உட்கார்ந்தபடியே கொடியில் போட்டார். அடுத்து துண்டு. அடுத்து உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தலைமுடியில் தடவிக்கொண்டார். காதுக்குப் பின்னாலும் கொஞ்சம் தொட்டுக்கொண்டார். வேலையில் அவ்வளவு சுத்தம்.

"காதுக்குள்ளயும் விட்டுக்குங்க. அப்பத்தான் நம்புவேன்" என்றாள் மருந்தம்மா.

டிரைவர் திடுக்கிட்டதில் வாளி உருண்டது.

மருந்தம்மா போய் அதை நிமிர்த்தி வைத்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆறு வாரத்தில் மூன்று வாரம் போய்விட்டது. ஆபரேஷன் மேஜை அவள் கண்முன் வந்து நின்றது.

"எத்தனை நாளா?"

"ஆறாம் நாள்லேருந்து."

"ஆறாம்... என்னங்க இது? உங்க காலுங்க! ஏன்?"

டிரைவர் தையல் தழும்பைத் தடவினார். "ஒத்துக்கலை. கண்ணு மிளகாய் விழுந்த மாதிரி எரிஞ்சுது. இந்தத் தையல் மேல பட்டா சுருக் சுருக்குன்னு குத்துச்சு. ஒரு நாள் பார்த்தேன், ரெண்டு நாள் பார்த்தேன். முடியலை."

"ஒத்துக்கலைன்னா வந்து சொல்லணும்னு ஊருக்கே சொல்றேன். வீட்டுல இருக்கிற ஆளு சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது?" என்றார் டிரைவர். "எட்டு மாசமா இந்தக் காலைப் பார்க்கிறப்பல்லாம் உன் மூஞ்சி சுண்டிப்போகும். நீ மறைப்பே, ஆனா எனக்குத் தெரியும். இந்தத் தண்ணி வந்தப்புறம்தான் நீ சிரிச்சே. ஓடி வர்றே, துளி எண்ணுறே, சிவந்துடுச்சுங்கன்னு சின்னப் பிள்ளை மாதிரி கூப்பிடுறே. உன் மருந்து எனக்கு ஒத்துக்கலைன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேர் கவுன்ட்டரில் நின்று, "நல்லாயிருக்கும்மா, நல்லாக் கேக்குது" என்று தலையாட்டிவிட்டு, மாத்திரையை வீட்டுக் குப்பைக்கூடையில் போட்டார்களோ என்று மருந்தம்மா முதல் தடவையாக நினைத்துப் பார்த்தாள். அவர்களும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்களோ என்னவோ. தண்ணீரை மூன்று வாரம் அணு அணுவாகச் சோதித்தவள், அதில் இறங்குகிற ஆளின் கண் சிவந்திருக்கிறதா என்று ஒரு நாள் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை.

"அந்தத் தண்ணி இப்ப இல்லைங்க. ரெண்டு வாரம் முந்தியே மாத்தியாச்சு. இது வேற" என்றாள்.

"நீ சொல்றே."

அந்த இரண்டு வார்த்தையில் இருந்த பயம் அவளுக்குப் புரிந்தது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிற எல்லா நோயாளியும் கேட்கிற கேள்விதான் அது. நீ சாப்பிட்டுப் பார்த்திருக்கியா?

அவள் இந்தக் குளத்தில் ஒரு விரலைக்கூட நனைத்ததில்லை. தண்ணீர் எடுக்கக்கூடக் குழாயின் நுனியைத்தான் முக்குவாள். நீச்சல் தெரியாது, முட்டிக்கு மேல் தண்ணீர் என்றாலே மூச்சு முட்டும். அவள் கைப்பையை நாற்காலியில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். மூடியின் உருளையைப் பிடித்துச் சுற்றினாள். சருகுகளோடு மூடி சுருண்டு போக, வெயில் தண்ணீரில் இறங்கித் தரை வரை போயிற்று. வெள்ளைப் புள்ளி விழுந்த அதே நீலச் சட்டையோடு, ஆஸ்பத்திரிப் பெயர்ப் பட்டையோடு, மருந்தம்மா படியில் கால் வைத்தாள்.

"ஏய், உனக்குத்தான் பயமாச்சே! இரு, நான்..." என்று டிரைவர் எழுந்தார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடுப்பு வரை, மார்பு வரை. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, தலையை உள்ளே முக்கினாள். உள்ளே கண்ணைத் திறந்தாள். தன் கால் விரல் பத்தும் பச்சை நீலத் தரையில் பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்தாள். எண்ணக்கூட எண்ணினாள்.

தலையைத் தூக்கி இருமினாள். முடி முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது.

"எரியுதா?" என்றார் டிரைவர். அவர் எப்போது படிக்கு வந்தாரென்று தெரியவில்லை. தடி நாற்காலியருகே விழுந்து கிடந்தது.

"வந்து பாருங்க."

"எரியுதா இல்லையா, அதைச் சொல்லு."

"நீங்க நிஜம் சொன்னீங்களா? நான் மட்டும் ஏன் சொல்லணும்? வந்து என் கண்ணைப் பாருங்க."

டிரைவர் கம்பியைப் பிடித்து ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வெயில் பக்கம் திருப்பி, ஒரு கண்ணையும் மறு கண்ணையும் கீழிமையை இழுத்து இழுத்துப் பார்த்தார். வெளுப்பு வெளுப்பாகவே இருந்தது.

"ஒண்ணுமில்லை. அழுதிருக்கே, அவ்வளவுதான்" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு பேருமாக நடந்தார்கள். அவர் அவளைப் பிடித்துக்கொண்டாரா, அவள் அவரைப் பிடித்துக்கொண்டாளா என்று பார்க்கிறவர்களால் சொல்ல முடியாது. பதினாறு தப்படி போய்ப் பதினாறு தப்படி திரும்பினார்கள். தைலம் தேய்க்காமல் இறங்க வேண்டும் என்று முதல் நடையிலும், எரிந்தால் எரிகிறது என்று சொல்ல வேண்டும் என்று இரண்டாம் நடையிலும் ஒப்பந்தம் ஆயிற்று. நாலாவது நடையில் டிரைவர், "ஸ்டாப்பிங் வருது, இறங்குறவங்க இறங்கலாம்" என்றார். மருந்தம்மா இறங்கவில்லை.

முட்டி என்ன ஆயிற்று என்ற கவலை உங்களுக்கு இருக்கும், அதை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஆறாவது வாரம் கோணமானி எண்பத்திரண்டு காட்டியது. பயிற்சி டாக்டர் யோசித்தார், இன்னும் நாலு வாரம் கொடுத்தார். கத்தியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஆனால் மருந்தம்மாவைக் கேட்டால், குணமானது அன்றைக்கு இல்லை என்பாள். இருவரும் நனைந்ததற்கு மறுநாள் சனிக்கிழமை. காலையில் டிரைவர் படியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் குழாயில் தண்ணீர் பிடித்து, தூளைப் போட்டு, துளி எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது துளியில் நிறம் மறைந்தது. அவள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன, ஏதாவது கோளாறா?" என்றார் டிரைவர்.

"அஞ்சு துளி குறைஞ்சிருக்கு."

"அய்யய்யோ. குறைஞ்சா கெட்டதா?"

"இல்லைங்க" என்றாள் மருந்தம்மா. "நேத்து இதுல ஆள் இறங்கியிருக்கு."

நோட்டை விரித்து, பதினைந்துகளுக்குக் கீழே பத்து என்று எழுதினாள். பிறகு கேனைச் சாய்த்து, குறைந்ததை அளந்து ஊற்றினாள்.